வெள்ளகவி இறக்கமும் என் முழங்காலும்

"ஏறுறதுதான் கஷ்டம் மச்சான், இறங்குறதுக்கென்ன?" என்று பீற்றிக்கொண்டது நான்தான். கொடைக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகப் பெரியகுளம் பக்கம் நடந்தே இறங்குவதாகத் திட்டம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், கீழே பெரியகுளம் 300கூட இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். டால்பின் மூக்குப் பாறை வரை செல்ஃபி கூட்டம். அதற்கப்புறம் நாங்களும் மஞ்சும்தான். ராத்திரி மழை பெய்திருந்ததால் சோலைக்குள் அட்டை. மச்சான் காலுறையைப் புகையிலைத் தண்ணீரில் நனைத்து வந்திருந்தார், ஒன்றுகூட ஒட்டவில்லை. நான் கடைக்காரர் பேச்சை நம்பி ஸ்பிரே வாங்கிப் போனவன். கணுக்காலில் மட்டும் ஐந்து. பிய்க்காமல் உப்பு வைத்தால் சுருண்டு விழும். ரத்தம் நிற்கத்தான் நேரமாகும்.

வெள்ளகவி ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஊரே கோயில் மாதிரி. ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் கவனித்தேன், வலது அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. ஒரு பாட்டி சணல் கயிறு கொடுத்தார். கட்டிக்கொண்டு பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவி வரை பக்கவாட்டாகவே இறங்கினேன், நண்டு மாதிரி. கூடாரத்தைப் பிரிக்கவே இல்லை. ஆறு கிலோவைச் சும்மா சுமந்ததுதான் மிச்சம்.