நெட் தத்துவத் தாளுக்கு ஒரு கெஷேயின் வழி

தத்துவத்தில் எம்.ஏ. முடித்து கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதப் போகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: பௌத்த அளவையியல் (எது சரியான அறிவு, எது சரியான வாதம் என்று ஆராய்வது) தலையில் நிற்கவே மாட்டேன் என்கிறதே, நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? நான் படித்த முறை என்னுடையதல்ல, ஒரு முன்னாள் பிக்குவுடையது. அதனால் அவர் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

ஜார்ஜ் டிரைஃபஸ் சுவிட்சர்லாந்துக்காரர், 1950இல் பிறந்தவர். இளவயதில் இந்தியா வந்து திபெத்திய மரபில் துறவு பூண்டார். தரம்சாலாவிலும், அகதிகளாக வந்த திபெத்தியர்கள் கர்நாடகத்தில் மறுபடி எழுப்பிய மடங்களிலும் ஏறத்தாழ 15 ஆண்டு படித்தார். 1985இல் கெஷே ல்ஹாரம்பா என்ற, திபெத்திய மடக் கல்வியின் மிக உயர்ந்த பட்டம் பெற்றார். அதைப் பெற்ற முதல் மேற்கத்தியர் அவர்தான். பிறகு துறவை விட்டு அமெரிக்கா போய், விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்து, வில்லியம்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். மடத்துப் படிப்பு எப்படி நடக்கிறது என்று 2003இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

அவர் விவரிக்கும் படிப்பு மூன்று படி: மூல நூலை மனப்பாடம் செய்வது, உரையோடு பாடம் கேட்பது, வாதம் செய்வது. மனப்பாடம் என்றாலே இன்று முகம் சுளிக்கிறோம். அங்கே பொருள் புரியும் முன்பே நூல் வாய்க்கு வந்துவிட வேண்டும். வாதம் நடக்கிற முற்றத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது, அதனால்தான். நம் தேர்வு அறைக்கும் அதே கதிதான் என்பதால் நான் இதை எதிர்க்கவில்லை. ஆனால் மனப்பாடம் வரையறைகளுக்கு மட்டும் போதும். மற்றதெல்லாம் வாதத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

வாதம் எப்படி இருக்கும்? மைசூர்ப் பக்கம் பைலகுப்பேவில் உள்ள செரா மடத்துக்குப் போனால் நேரிலேயே பார்க்கலாம். விடை சொல்பவர் தரையில் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்பவர் நின்றபடி, காலைத் தரையில் உதைத்து, கையைத் தட்டிக் கேள்வியை வீசுவார். பார்க்கச் சண்டை போலத் தெரியும். ஆனால் உட்கார்ந்திருப்பவர் நீட்டி முழக்கிப் பதில் சொல்ல முடியாது. முக்கியமாக நான்கே விடைகள்தாம்: ஏற்கிறேன்; ஏன்?; காரணம் நிறுவப்படவில்லை; வியாப்தி இல்லை, அதாவது காரணம் பொருந்தும் இடமெல்லாம் கூற்றும் பொருந்தும் என்ற உறுதி இல்லை.

கடைசி இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நெட்டில் நம்மை அதிகம் குழப்புவது கூற்று–காரணம் வகைக் கேள்வி. அதன் முடிச்சு இந்த இரண்டு விடைகளுக்குள்தான் இருக்கிறது.

'ஒலி நிலையற்றது' என்பது கூற்று என்று வையுங்கள். 'ஏனென்றால் அது கண்ணுக்குப் புலப்படுவது' என்று காரணம் சொன்னால், காரணமே பொய். இது நிறுவப்படாத காரணம். 'ஏனென்றால் அது அறியப்படுவது' என்றால் கூற்றும் உண்மை, காரணமும் உண்மை. ஆனால் அறியப்படுவதெல்லாம் நிலையற்றதாக இருக்க வேண்டியதில்லை, எனவே வியாப்தி இல்லை. தேர்வுத்தாள் மொழியில், 'இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கமல்ல'. 'ஏனென்றால் அது உண்டாக்கப்படுவது' என்றால்தான் விடை சொல்பவர் வாயை மூட வேண்டும்.

இதைத் தனியாக உட்கார்ந்து படித்தால் அரைமணியில் மறந்துபோகும். நானும் என் வகுப்புத் தோழி ஒருவரும் தினமும் இரவு போனில் வாதம் செய்தோம். ஒருவர் கேட்பார், மற்றவர் அந்த நான்கு விடைகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தான் நம்பாத கட்சியையும் எடுத்து வாதாட வேண்டும், பௌத்தரை எதிர்த்து வாதிட்ட நியாய மதத்துக்காரராக நின்று பௌத்தரை மடக்க வேண்டும். கை தட்டியது இல்லை, வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

தமிழில் படித்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. மணிமேகலை 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பது இதே பாடம்தான். பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), பிறகு அவற்றின் போலிகள். ஏதுப்போலி மூன்று: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். மேலே சொன்ன கண்ணுக்குப் புலப்படும் ஒலி அசித்தம், அறியப்படும் ஒலி அநைகாந்திகம்; கூற்றுக்கு நேர்மாறானதையே நிறுவிவிடும் காரணம் விருத்தம். திபெத்திய மடத்தில் பிள்ளைகள் கை தட்டிக் கேட்பதன் மூலத்தை நாம் தமிழ்க் காப்பியத்திலேயே படிக்கலாம். அளவையியலின் பெரும்புள்ளி திக்நாகர் காஞ்சிப் பக்கத்தவர் என்று திபெத்திய மரபே சொல்கிறது. பாடத்திட்டத்தின் வடமொழிச் சொற்களைப் பார்த்து மிரள்கிறவர்கள் முதலில் இந்தக் காதையை உரையோடு படித்துவிட்டு வாருங்கள்.

இனி, மடத்துப் படிப்பில் கிடைக்காதது. அந்த முற்றத்தில், நூற்றாண்டுகள் இடைவெளியில் வாழ்ந்த பௌத்தத் தத்துவவாதிகளான நாகார்ஜுனரும் தர்மகீர்த்தியும் ஒரே காலத்தில் பக்கத்து அறைகளில் இருப்பவர்கள் மாதிரிதான் பேசப்படுவார்கள். யார் முன்னே, யார் பின்னே, எந்த உரை எந்த நூற்றாண்டில் எந்தக் கட்சிக்காக எழுதப்பட்டது என்று கேட்பது பல்கலைக்கழகத்தின் பழக்கம். அங்கே எழுத்துக்கும் பெரிய இடமில்லை, வாயில் வல்லவனே அறிஞன். டிரைஃபஸ் இந்த இரண்டையும் பல்கலைக்கழகத்தில் வசப்படுத்தினார். தர்மகீர்த்தியைத் திபெத்திய உரையாசிரியர்கள் எப்படியெல்லாம் வாசித்தார்கள், திபெத்திய பௌத்தப் பிரிவுகளான கெலுக் மரபும் சாக்யா மரபும் எங்கே பிரிகின்றன என்று 1997இல் அவர் எழுதிய ஆய்வு நூலில் இரண்டு பயிற்சியும் சேர்ந்து தெரிகின்றன. என் கணக்கில் அவருடைய சாதனை கெஷே பட்டத்தைவிட அந்த நூல்தான்.

நமக்கும் அந்த இரண்டாவது பயிற்சி தேவை. காலவரிசைப்படுத்தும் கேள்விகள் நெட்டில் வருகின்றன: நாகார்ஜுனர், வசுபந்து, திக்நாகர், தர்மகீர்த்தி, சந்திரகீர்த்தி என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர் யாரை மறுத்தார் என்று குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஆக எதையும் விடாமல் குறியுங்கள்.

நெட்டில் எழுதும் வேலை இல்லை என்பதால் பலர் அதைச் சுத்தமாக விட்டுவிடுகிறார்கள். பிஎச்.டி. நேர்காணலுக்கு ஆய்வுத் திட்டம் கேட்கும்போதுதான் கை நடுங்கும். வாரம் ஒரு வாதத்தை எடுத்து, எதிர்க்கட்சி, மறுப்பு, உங்கள் முடிவு என ஒரு பக்கம் எழுதி, வாதம் செய்யும் நண்பரிடமே திருத்தக் கொடுங்கள். அவருக்குத்தான் நீங்கள் எங்கே நழுவுவீர்கள் என்று தெரியும்.