அலர்ஜி டெஸ்டுக்கு ஓடும் முன் மலத்தைப் பாருங்கள்

பிசான நடவு முடிந்த கையோடு அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும். பக்கத்து வீட்டு ஆச்சி காணாக்கடி என்று வெற்றிலையும் மிளகும் கொடுத்தார். அடங்கவில்லை. ரத்தம் பார்த்ததில் ஈசினோபில் என்கிற வெள்ளை அணு 2,400. 500க்குள் இருக்க வேண்டியது. அலர்ஜிதான் என்று பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டுக்குப் போனிலேயே நேரம் வாங்கியிருந்தேன். அம்பாசமுத்திரத்தில் முதல் பஸ் பிடித்து, பணம் கட்டி, மத்தியானம் வரை உட்கார்ந்த பிறகு உள்ளே கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: "செட்ரிசின் சாப்பிடுறாரா?" முந்தின ராத்திரிகூடச் சாப்பிட்டிருந்தார். அரிப்பு மாத்திரையை ஒரு வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அலர்ஜி இருந்தாலும் தோல் தடிக்காது. நேரம் கொடுத்த பெண்ணிடம் போய் நின்றால், "நீங்க கேக்கலையே சார்" என்கிறார்.

சரி, வந்ததுக்கு ரத்தத்திலேயே பார்த்துவிடலாம் என்று பேனல் எடுத்தார்கள். கத்தரிக்காய், நிலக்கடலை, இறால், தூசி என்று எல்லாவற்றுக்கும் லேசாகப் பாசிட்டிவ். "அப்ப நான் எதைத்தான் திங்க?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. ஐஜிஇ என்கிற அலர்ஜிப் புரதம் ரத்தத்தில் லேசாக ஏறியிருப்பதை மட்டும் வைத்து அந்தச் சாப்பாடு ஆகாது என்று சொல்ல முடியாது. தின்றால் ஏதாவது செய்கிறதா என்பதுதான் முக்கியம். கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதியிருந்தார்கள்.

அதை வாங்காமல் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டது: "ஐயா, வயல்ல செருப்பு போடுவீங்களா?" சேற்றில் யார் செருப்புப் போடுகிறார்கள்!

வெறுங்கால் வழியாகப் புழு ஏறியிருக்கலாமாம். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. புழு பெரிசு, எந்த ரத்த அணுவாலும் விழுங்க முடியாது. அதனால் ஈசினோபில்கள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதத்தைக் கொட்டுகின்றன. ஐஜிஇ-யும் அது கிளப்பிவிடும் ஹிஸ்டமின் என்கிற ரசாயனமும் குடலை முறுக்கி அதை வெளியே தள்ளப் பார்க்கின்றன. அலர்ஜியில் வேலை செய்வதும் இதே கூட்டம்தான். தடிப்பையும் ஈசினோபிலையும் மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

மலப் பரிசோதனையிலும் ஒரு கூத்து. வெளி லேப் ஒன்றில் கொடுத்த சாம்பிளை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்து 'நார்மல்' என்று எழுதிவிட்டார்கள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். குளிரில் லார்வா (புழுக்குஞ்சு) செத்துப்போகும். மலம் போன உடனே சூட்டோடு பார்க்க வேண்டும், அதுவும் வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது. ஒரு தடவை பார்த்து இல்லை என்றால் நம்பாதீர்கள். திரும்பக் கொடுத்ததில் கிடைத்துவிட்டது: ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ். வெறுங்காலின் தோல் வழியாக நுழைந்து, ரத்தத்தில் நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வருகிற புழு. உள்ளேயே பெருகும், வருஷக்கணக்கில் தங்கும்.

பயம் வந்தது ஸ்டீராய்டை நினைத்துத்தான். இந்தப் புழு இருக்கும்போது அதைக் கொடுத்தால் எதிர்ப்பு அடங்கி, புழு கட்டுக்கடங்காமல் பெருகி உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஈசினோபிலும் இறங்கிவிடுவதால் 'குணமாகிறது' என்று வேறு தோன்றும். வயல்காட்டு ஆட்கள் யாருக்காவது ஈசினோபில் ஏறியிருந்து ஸ்டீராய்டு எழுதினால், புழு பார்த்தாச்சா என்று வாய்விட்டுக் கேளுங்கள். (உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் கதை வேறு; அப்போது எதையும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடணும்.)

ஐவர்மெக்டின் என்கிற புழு மாத்திரை கொடுத்தார்கள், உடம்பு எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில். அப்புறம் அரிப்பு படிப்படியாக விட்டது. ஈசினோபில் இறங்க மாதக்கணக்கில் ஆகுமாம், திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். குத்தாத குத்து டெஸ்டுக்குக் கட்டின பணத்தைத்தான் இன்னும் வாங்க முடியவில்லை. "மேனேஜர் லீவு சார்" என்கிறார் அதே பெண். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், விடுவதாக இல்லை.