காவிரியில் நமக்கு எத்தனை டிஎம்சி?

கர்நாடகம் நமக்கு வருஷத்துக்கு எத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் விட வேண்டும், போனில் தேடிச் சொல்லுங்கள் என்று எங்கள் டெல்டாவில் எந்தக் கல்லூரி வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். 205 என்பார்கள், 192 என்பார்கள், 177.25 என்பார்கள், சண்டையே வரும். விவசாயி வீட்டுப் பிள்ளைகள், அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மூன்று எண்ணுக்கும் ஆதாரம் உண்டு. 205 என்பது காவிரி நடுவர் மன்றம் 1991இல் போட்ட இடைக்கால உத்தரவு. 192 அதே மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு, அது அரசிதழில் வந்ததே 2013இல்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதிலிருந்து 14.75ஐக் கழித்து 177.25 ஆக்கியது. ஆக, இணையத்தில் கிடைப்பது பொய்யும் இல்லை, எல்லாம் இன்றைக்குச் செல்லுபடியாவதும் இல்லை. இது எந்தத் தேதியில் எழுதினது, எழுதினது யார், மூல ஆவணம் எங்கே என்று கேட்கத் தெரிந்தால் ஐந்து நிமிஷத்தில் சண்டை தீர்ந்துவிடும். தகவல் எழுத்தறிவு என்று பாடத்திட்டத்தில் பெரிதாகப் போட்டிருப்பது இதைத்தான்.

இதைக் கரும்பலகையில் எழுதி நடத்தினால் ஒன்றும் ஏறாது. தேடுவது நீச்சல் மாதிரி, கரையில் நின்று விளக்கிப் பிரயோஜனமில்லை. அதனால்தான் நான் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் பக்கம் வந்தேன். 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்து கொடுக்கப்போய் பிரபலமான முறை. விளக்கத்தை வீட்டில் கேள், வேலையை வகுப்பில் செய், அவ்வளவுதான்.

அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்ய முடியாது என்பது வேறு விஷயம். திருத்துறைப்பூண்டி, பேராவூரணிப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளிடம் முக்கால் மணி நேர வீடியோ பார்த்துவிட்டு வா என்றால் யார் பார்ப்பார்கள்? டேட்டா சாயங்காலத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும். நான் ஆறேழு நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை, அதுவும் பெரும்பாலும் ஆடியோதான், வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன், பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்துவிடலாம். கேட்காமல் வருகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் மறுநாளிலிருந்து ஒருத்தரும் கேட்டுவிட்டு வரமாட்டார்கள், அதனால் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டு முடித்துவிட்டுக் குழுவில் சேர்ந்துகொள் என்று சொல்லிவிடுவேன். இரக்கமில்லாத ஆள் என்று பெயர், இருக்கட்டும்.

வகுப்பில் எனக்கு வேலை, அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பதுதான். முதல் முடிவைத் தட்டிவிட்டு அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் வைன்பர்க்கும் மெக்ரூவும் செய்த ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்கள் மட்டுமில்லை, வரலாற்றுப் பேராசிரியர்களே இப்படித்தான் ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்களோ பக்கத்தை முழுசாகப் படிக்காமல் உடனே வேறு டேபைத் திறந்து, இந்தத் தளம் யாருடையது என்று வெளியே விசாரித்தார்கள். அந்தப் பழக்கத்தைக் கையைப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும், வீடியோவில் வராது.

பருவத் தேர்வில் மட்டும் இன்னும் 'தகவல் எழுத்தறிவு - வரையறு' என்று இரண்டு மார்க் கேள்விதான் வருகிறது. சரி, அதற்கும் ஒரு ஆடியோ போட்டு வைத்திருக்கிறேன்.