சும்மா படுத்திருந்தால் ஏன் பசிக்கிறது?

சனிக்கிழமை டியூஷனில் படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தாலும் பசிக்கிறதே, உடம்பு அப்படி என்னதான் வேலை செய்கிறது?" தன் சோம்பலுக்கு வக்காலத்து வாங்கத்தான் கேட்டான். ஆனால் அன்றைய பாடமே அதுதான் என்பது அவனுக்குத் தெரியாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் பத்தொன்பது வருடமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரைச் சுற்றி இன்று செம்பனை. நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தபோது பால்மரம், ரப்பர். கரைபொருள் அதிகமுள்ள பக்கத்துக்குச் சவ்வைக் கடந்து நீர் நகரும் சவ்வூடு பரவலை விளக்க, பாடநூல் உருளைக்கிழங்குத் துண்டை உப்புநீரில் போடச் சொல்கிறது. போடுகிறோம், துவண்டுபோகிறது, மதிப்பெண் வருகிறது. எனக்கோ அந்தப் பாடம் அம்மாவின் அலாரம் கடிகாரத்தில் இருக்கிறது. நான்கு மணிக்கு அது அடிக்கும். அம்மா நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருட்டோடு போய்விடுவார். "வெயில் ஏறினால் மரம் மடியை இறுக்கிக்கொள்ளும்" என்பார், பசுவைச் சொல்வதுபோல.

மரம் உண்மையில் செய்வது இதுதான். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. வேர் உறிஞ்சிய நீர் ஆவியாகப் போக வழியில்லை. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் கரைபொருள் அதிகம் என்பதால் நீர் அங்கே புகுந்து குழாய்களைப் புடைக்க வைக்கிறது. விடியுமுன் உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கைத் தொடும். லாரி டயரில்கூட அவ்வளவு காற்று அடைக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் உளி பட்டால், பால் வெட்டுக்கோடு வழியாக ஓடி மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழும். மங்கில் விழுவது செல்லுக்குள் இருந்த திரவமேதான். இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

பால்குழாய்க்குச் சுவர் உண்டு, தாங்கும். நம் செல்லுக்கு மெல்லிய சவ்வுதான். உள்ளே புரதங்கள் நெருக்கமாக இருக்கின்றன. வெளியே இருக்கும் சோடியமும் ஓயாமல் கசிந்து உள்ளே வருகிறது. அதை அப்படியே விட்டால் நீரும் பின்னாலேயே வந்து செல் வீங்கி வெடிக்கும். எங்கள் லயத்துக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த கீரைப்பாத்தி நினைவுக்கு வந்தது. வேலி இருந்தது, ஆனாலும் ஆடுகள் எப்படியோ நுழைந்துவிடும். விரட்டி முடித்துத் திரும்பினால் மறுபடி நிற்கும். செல்லும் அப்படி விரட்டிக்கொண்டே இருக்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளுகிறது, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே அழைக்கிறது. தூங்கும்போதும் இது நிற்பதில்லை. சும்மா கிடக்கும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்காவது இந்த ஆடு விரட்டும் வேலைக்கே போய்விடுகிறது.

"அதற்குத்தான் உனக்குப் பசிக்கிறது" என்றேன். தன் அம்மாவிடமும் இதையே சொல்லப்போவதாக அவன் அறிவித்தான்.

சோடியத்தை விரட்டும் இந்தப் பம்பை 1957-இல் நண்டுக்கால் நரம்பில் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ. நோபல் பரிசு 1997-இல்தான் வந்தது. நாற்பது வருடம்! நண்டு என்றதும் வகுப்பில் பேச்சு ரசத்துக்குப் போய்விட்டது, மீட்கச் சற்று நேரமானது.

நரம்பை வேகமாகத்தான் கடந்தேன். விரட்டி விரட்டிச் சேர்த்த வேறுபாட்டால் செல்லின் உட்புறம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் இருக்கிறது. ஓரிடத்தில் வேலிக்கதவு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால் சோடியம் பாயும், அந்த அதிர்வில் அடுத்த கதவு திறக்கும். நரம்புச் செய்தி என்பது அவ்வளவுதான். செய்தி தசையைத் தொட்டதும் அங்கே கட்டிவைத்திருந்த கால்சியம் அவிழ்கிறது. தசைக்குள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் என்ற புரத இழைகளைப் பற்றி இழுக்கின்றன.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் சில ஆண்டுகள், சுருங்குவதற்கு ஏடிபி வேண்டும், தளர்வது வெறும் ஓய்வு என்றே பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகளும் அப்படியே மனப்பாடம் செய்தார்கள். ஒருநாள் விடைத்தாள் திருத்தும்போது பாட்டி நினைவு வந்து பேனாவைக் கீழே வைத்தேன்.

பாட்டி இறந்தது 1984-இல், லயத்து வீட்டில், பின்மதியம். அழுகை அடங்குவதற்குள் பெரியத்தை வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார். தாடையைத் தூக்கித் தலையோடு சேர்த்து ஒரு கட்டு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. கைகளை மார்பில் மடித்துவைத்தார். "அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதே கட்டாவிட்டால் அப்புறம் வாய் மூடாது" என்று அம்மாவை அதட்டினார். இரவில் நான் பயந்து பயந்து பாட்டியின் முழங்கையைத் தொட்டேன். மரக்கட்டை.

பற்றிய மயோசின் தலை ஆக்டினை விடுவதற்கு இன்னொரு ஏடிபி வந்து ஒட்டியாக வேண்டும். கால்சியத்தைத் திரும்பக் கட்டிவைக்கவும் ஏடிபிதான். மூச்சு நின்றபின் கையிருப்பு தீரும், கால்சியம் கசியும், இழைகள் பற்றியபடியே பூட்டிக்கொள்ளும். கண்ணிமை, தாடை போன்ற சிறு தசைகளில் சில மணி நேரத்திலேயே விறைப்பு தெரியும். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். ஒன்றிரண்டு நாளில் புரதங்கள் சிதையத் தொடங்கியதும் தானாக நெகிழும். பெரியத்தை தாடையில் தொடங்கியது எத்தனை பொருத்தம்! அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை.

இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. கேள்வி கேட்ட பையன் மட்டும் தன் விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் சிறுநீரகம். அதற்கு ஆடும் வேலியும் போதாது, வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.