மைனஸ் 21-இல் 5 கிலோமீட்டர்

சனிக்கிழமை காலை அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ், வீசும் காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 29 போல, அந்தக் குளிரில் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைய ஆரம்பித்துவிடும் என்பதால் மூக்கு வரை துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஏரிக்கரைச் சாலையில் 5 கி.மீ. ஓட்டத்துக்குப் போய் நின்றேன். உள்ளே பருத்தி பனியனை மறந்தும் போடாதீர்கள். அது வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், ஓட்டத்தை நிறுத்திய மறு நிமிஷமே குளிர் எலும்பில் ஏறும். மெல்லிய கம்பளி உள்சட்டை, மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் கிலோமீட்டர் கொடுமை. மூச்சை இழுத்தாலே தொண்டை காந்தியது. அப்புறம் உடம்பு சூடேறிவிட்டது, ஆனால் விட்ட மூச்செல்லாம் இமை முடியில் உறைந்து, கண்ணை மூடினால் மேலும் கீழும் ஒட்டிக்கொள்ள, கையுறையைக் கண்மேல் வைத்து இளக்கித்தான் திறக்க வேண்டியிருந்தது. கடைசித் திருப்பத்தில் சாலை முழுக்கக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. அங்கே நேரத்தைப் பார்க்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்துப் போனேன். 34 நிமிஷம். முடிவில் ஒரு அம்மா கையில் கொடுத்த ஹாட் சாக்லேட்டின் ஆவி முகத்தில் பட்டதே, அந்தச் சுகத்துக்காகவே பிப்ரவரி ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.