வயிற்றின் மேல் ஒரு கை

இதயத் தாளக் கோளாறுக்காகச் செய்துகொண்ட முதல் அப்ளேஷனில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு கைதான். அரை மயக்கத்தில் படுத்திருந்தேன். யாரோ வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கைக்கு அடியில், விக்கல் வருவதுபோல, தாளம் தவறாமல் என் வயிறு துள்ளிக்கொண்டிருந்தது. திடீரென்று துள்ளல் மெலிந்தது. "நிறுத்து, நிறுத்து" என்று ஒரு குரல். அப்புறம் எதுவும் தெரியாது.

எனக்கு இருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் கோளாறு. அந்த நடுக்கத்தைக் கிளப்பும் பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகள் இதயத்தில் திறக்கும் வாய்களில்தான் இருக்கிறது என்று 1998-இல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். அந்த வாய்களைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி மின்தொடர்பைத் துண்டிப்பதுதான் அப்ளேஷன். எனக்குச் செய்தது குளிர் பலூன் முறை. பலூனைச் சிரையின் வாயில் அடைத்து, மூன்று நான்கு நிமிடம் மைனஸ் நாற்பது, ஐம்பது டிகிரிக்குக் கொண்டுபோவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், வலது மேல் சிரையை ஒட்டியே ஃபிரெனிக் நரம்பு ஓடுகிறது. மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானத்தை அசைப்பது அதுதான். அதனால்தான் குளிரூட்டும் நேரம் முழுக்க மேலே ஒரு கம்பியால் அந்த நரம்பைத் தூண்டிக்கொண்டே, வயிற்றில் கை வைத்துத் துள்ளலைப் பார்க்கிறார்கள். துள்ளல் மெலிந்தால் பலூனை உடனே சுருக்க வேண்டும். சுருக்கினார்கள். ஆனாலும் என் நரம்பு அடி வாங்கிவிட்டது.

மறுநாள் எக்ஸ்ரேயில் வலது உதரவிதானம் மேலே ஏறி நின்றது. "சில மாதத்தில் சரியாகிவிடும்" என்றார் மருத்துவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. குளிர் பலூனையும் ரேடியோ அலைச் சூட்டையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வில் குளிர் பலூன் குழுவில் 2.7 சதவீதம் பேருக்கு இந்தக் காயம் வந்தது. ஓராண்டுக்குப் பிறகும் மீளாமல் இருந்தவர் ஒரே ஒருவர். இதையெல்லாம் நான் படித்தது பிறகுதான். முன்னாடியே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதெல்லாம் "வெற்றி வாய்ப்பு எவ்வளவு?" என்று மட்டும்.

ஐந்து மாதம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். இடையில் ஒரு சோதனை வைத்தார்கள்: எக்ஸ்ரே திரையின் முன்னால் மூக்கைச் சட்டென்று உறிஞ்ச வேண்டும். இடது பக்கம் கீழே இறங்கியது, வலது பக்கம் மேலே ஏறியது. என் உடம்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைத் திரையில் பார்த்தேன்.

இன்னொரு விஷயம் யாருமே சொல்லவில்லை. படுத்திருக்கும்போது 60 இருந்த நாடி, அப்ளேஷனுக்குப் பிறகு 76. நோய் திரும்பிவிட்டது என்றே பயந்தேன். விஷயம் வேறு: சிரை வாய்களை ஒட்டிய கொழுப்பில் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிரேக் போடுவது அவற்றின் வழியாக. சூடோ குளிரோ அவற்றையும் சேர்த்துத் தீய்த்துவிடுவதால் பிரேக் தளர்கிறது. என் நாடி ஓராண்டில் 68-க்கு இறங்கி அங்கேயே நின்றது.

ஒன்றரை ஆண்டு கழித்துப் படபடப்பு திரும்பியது. இரண்டு சிரைகளில் தொடர்பு மீண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஒரு வழி ரேடியோ அலைச் சூடு: புள்ளி புள்ளியாகச் சுடுவார்கள், விட்டுப்போன இடைவெளியை மட்டும் தொடலாம், ஃபிரெனிக் காயமும் அரிது. ஆனால் இதயத்தின் பின்சுவருக்குப் பின்னால் உணவுக்குழாய். அதன்மேல் ஓடும் வேகஸ் கிளைக்குச் சூடு பட்டால் இரைப்பை மந்தமாகிவிடும்; அபூர்வமாக உணவுக்குழாயிலேயே ஓட்டை விழும். இன்னொன்று மின்துடிப்பு முறை: ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் மைக்ரோ நொடிக் கணக்கில். செல்லின் சவ்வில் துளை விழுந்து செல் சாகும். நரம்பைக் கொல்லத் தேவைப்படுவதைவிடக் குறைந்த மின்புலத்திலேயே இதயத் தசை செத்துவிடுகிறது. அதுதான் அதன் சாமர்த்தியம். பதினேழாயிரம் பேருக்கு மேல் பதிவான தொகுப்பில் நீடித்த ஃபிரெனிக் காயம் 0.06 சதவீதம், உணவுக்குழாய் ஓட்டை ஒன்றுகூட இல்லை.

"அப்போ நரம்பைத் தொடவே தொடாதா?" என்றேன். மருத்துவர் சிரித்தார். "நல்லாவே தொடும். துடிப்பு கொடுக்கும்போது நாடி சில நொடி நின்றுகூடப் போகும், இருமல் வரும். ஆனா சீக்கிரம் எழுந்துக்கும்." இதய ரத்தக் குழாய்க்கு அருகில் கொடுத்தால் அது சுருங்கலாம், நிறைய துடிப்பு கொடுத்தால் சிவப்பணு உடைந்து சிறுநீரகத்துக்குச் சுமை என்றும் சொன்னார். கெட்டதையும் சேர்த்துச் சொன்னதால்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது. மின்துடிப்பே போதும் என்றேன்.

இந்த முறை முழு மயக்கம். கையும் இல்லை, குரலும் இல்லை. விழித்ததும் நான் முதலில் செய்தது, மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. மறுநாள் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. ஒரு வாரம் கழித்து எண்ணினேன், நாடி 69.

தாளம் இதுவரை தவறவில்லை; ரத்தம் உறைதலைத் தடுக்கும் மாத்திரை தொடர்கிறது. இப்போதும் சில இரவு விளக்கை அணைத்ததும் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து ஒருமுறை உறிஞ்சுவேன். கை மேலே எழும்பும். அப்புறம் தூங்கிவிடுவேன்.