பீட்சா வாங்கிக் கொடுத்தது யார்?

நான் டீம் லீடராக இருக்கும் கால் சென்டரில், நைட் ஷிப்ட்டில் இருந்த பையன் ஒருவன் கேட்டதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பாதிச் சிரிப்போடுதான் கேட்டான்: "அண்ணா, அதை வாங்கிக் குடுக்கிறதே நீங்கதானே?"

அதற்கு முன் நான் சொன்னது இதுதான்: "ராத்திரி ரெண்டு மணிக்கு பர்கரும் கோக்கும் உள்ள போனா, நாலு மணிக்குக் கோபம்தான் வெளிய வரும். அதைக் குறை, எஸ்கலேஷன் தானா குறையும்." எஸ்கலேஷன் என்றால், கஸ்டமர் கோபத்தில் மேலதிகாரியிடம் கொண்டுபோகும் புகார். ரீஃபண்ட் எப்போது வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கஸ்டமரிடம் அவன் குரலை உயர்த்தியிருந்தான். கோச்சிங் ஷீட்டில் ஏதாவது எழுதியாக வேண்டும். 'பொறுமை தேவை' என்று எல்லோருக்கும்தான் எழுதுகிறோம், யாருக்குப் பொறுமை வந்தது? சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் அக்கறையாகவாவது தெரியும் என்று நினைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அது அக்கறைதான் என்பேன்.

ஆனால் டார்கெட் முடித்த டீமுக்கு பீட்சா ஆர்டர் செய்வது நான்தான். அந்த நேரத்தில் டெலிவரி செய்யும் கடைகளும் அவைதான். ஊரில் இட்லி வேகும்போது நாங்கள் வீடு திரும்பும் கேப் வண்டியில் தூங்கி வழிந்துகொண்டிருப்போம்.

நான் சொன்னது வெறும் பாட்டி வைத்தியமும் இல்லை. மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் 12 வாரம் ஓர் ஆய்வு நடத்தி, 2017-ல் வெளியிட்டார்கள். உணவுமுறையை மாற்றிக்கொள்ள உதவி பெற்றவர்களில் சுமார் 32 சதவீதம் பேர் தேறினார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சரி, அவர்கள் நோயாளிகள். யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதும் அவர்களுக்கே தெரியும். கஸ்டமரிடம் கத்திய பையனுக்கு இதை அப்படியே பொருத்தலாமா?

அதைவிட என்னைக் குழப்பியது 2022-ல் அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வு. 19 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து நைட் ஷிப்ட் போலவே விழிக்க வைத்தார்கள். பகலிலும் இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு சார்ந்த உணர்வு 26 சதவீதமும் பதற்றம் 16 சதவீதமும் கூடின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. என்ன சாப்பிட்டார்கள் என்பதல்ல அங்கே கேள்வி, எப்போது என்பதுதான். அப்படியானால் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை இரண்டு மணிக்குத் தின்றாலும் இதே கதைதானோ?

அன்று பகலில் அவன் தூங்கினானா என்று நான் கேட்கவில்லை. வீட்டு விஷயத்தில் தலையிடுவதாகிவிடுமே என்று ஒரு தயக்கம். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தத் தயக்கம் எங்கே போனதோ.

அப்புறம் 1994-ல் வந்த ஓர் ஆய்வு. சர்க்கரை தின்றால் பையன் ஆட்டம் போடுவான் என்று நம்பிய தாய்மார்களை, 5 முதல் 7 வயது வரையிலான மகன்களோடு அழைத்தார்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத இனிப்பூட்டிதான். ஆனால் பாதித் தாய்மாரிடம், கொடுத்தது சர்க்கரை என்று சொன்னார்கள். அவர்கள்தான் தங்கள் பையன் அதிகம் ஆடுகிறான் என்றார்கள். பையனை ஒட்டியே நின்று, அதிகமாகக் குறையும் சொன்னார்கள்.

எந்த ரெக்கார்டிங்கைக் கேட்டு ஆடிட் செய்வது என்று தேர்ந்தெடுப்பவன் நான். அந்தப் பேச்சுக்குப் பிறகு, பீட்சா வந்த இரவுகளில் நாலு மணிக்கு மேல் அவன் பேசியவற்றையே எடுத்துக் கேட்டேன். எரிச்சல் இருக்கத்தான் செய்தது. அந்த நேரத்தில் யாருடைய ரெக்கார்டிங்கை எடுத்தாலும் எரிச்சல் இருக்கும், பட்டினி கிடந்தவனுடையதிலும். இது தெரிந்துதான் கேட்டேனா என்றால், தெரியும். டீம் லீடருக்கு ஒரு காரணம் வேண்டும், அதுவும் கம்பெனிக்குச் செலவு வைக்காத காரணமாக. ஷிப்ட்டை மாற்றுவது என் கையில் இல்லை, மெனுவை மாற்றுவது இருந்தது.

ஒரு மாதம் பீட்சாவுக்குப் பதில் சுண்டலும் வாழைப்பழமும் வரவழைத்தேன். சுண்டல் மீந்தது, எனக்கு 'டயட் அண்ணா' என்று பெயரும் வந்தது. எஸ்கலேஷன் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. அந்த மாதம் கால் வருவதே குறைவு என்பதால் அதைப் பெருமையாகச் சொல்லவும் முடியவில்லை. அவனுக்கு மட்டும் கோபம் குறைந்ததா என்று தனியாகப் பார்க்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அவன் பகல் ஷிப்ட் கேட்டு வேறு பிராசஸுக்கு, அதாவது வேறு வேலைப் பிரிவுக்கு, மாறிவிட்டான். அங்கே நன்றாகப் பேசுகிறானாம். மத்தியானம் பர்கர் சாப்பிடுகிறானா என்று விசாரிக்க நாக்கு நுனிவரை வந்தது, விட்டுவிட்டேன்.

எங்கள் டீமுக்கு பீட்சா திரும்ப வந்துவிட்டது. இரண்டு மணி வேண்டாம், பதினொன்றுக்கே வரட்டும் என்று மாற்றியிருக்கிறேன். பதினொன்றும் இரவுதான் என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை.